பழைய பைக்குப் புது வாழ்வு

செண்பகத்தோப்புக் காட்டழகர் கோயிலுக்குக் கட்டுச்சோறு எதில் கொண்டு போகிறோம்? நம்முள் பலர் பிளாஸ்டிக் பையில்தான்! 1988இல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயமாக்கப்பட்ட காடு இது. 2021இல் புலிகள் காப்பகத்திலும் சேர்ந்தது. தமிழகத்தில் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி முதல் தடையும் உண்டு. சோற்று வாசனை ஒட்டிய பையை மான் தின்றால் அதன் கதி என்ன?

வீட்டிலோ வண்ணக் கோடிட்ட பவானி ஜமக்காளப் பை மூலையில் கிடக்கிறது. "பிடி அறுந்தது, உள்ளறை இல்லை, பழைய மோஸ்தர்" என்று ஒதுக்கிவிட்டோம். குறை பையிலா, நம்மிலா? தையல் வகுப்பில் கற்றதை இங்கே காட்டலாமே!

பழைய பருத்திச் சேலைத் துண்டை உட்புறம் வைத்துத் தைத்தால் பை கனம் தாங்கும். பிடியை இரட்டையாக மடித்து, பையின் அடிவரை இறக்கித் தைத்தால் எளிதில் அறாது. சின்னதாகிப்போன சீருடைத் துணியில் ஓர் உள்ளறை. வாய்ப்புறம் இரண்டு பொத்தான்கள். குரங்கும் ஏமாந்து போகும்! ஆனால் நெசவாளர் தறியில் நெய்த வண்ணக் கோடுகளை மட்டும் மறைக்க வேண்டாம். அது அவர் உழைப்பன்றோ?

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றனர் முன்னோர். அதைப் பைக்கும் கடைப்பிடிப்போம். இறைவன் படைத்த காட்டைக் காப்போம்!