ஓடும் கணினியை ஏன் தூக்கி எறிய வேண்டும்?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதி நிறுத்தியது. அக்காவிடமிருந்து எனக்கு வந்த மடிக்கணினி 2016ல் வாங்கியது. விண்டோஸ் 11க்கோ, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் சில்லாவது வேண்டும். “புதிதாக வாங்கிவிடு” என்கிறார்கள் பல்கலைக்கழக நண்பர்கள். ஒப்படைப்பு எழுதவும் விரிவுரை பார்க்கவும் நன்றாக ஓடும் கணினியை எதற்கு எறிவது? சிங்கப்பூரில் ஏற்கெனவே ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது.

ஆனால், பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லாமல் இணையத்தில் உலவக்கூடாது. கணினியை முடக்கிப் பணம் கேட்கும் ‘வன்னாகிரை’ 2017 மே மாதம் பரவியபோது தியோங் பாரு பிளாசாவின் தகவல் திரையும் சிக்கியது. அதைத் தடுக்கும் திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

அதனால் 2026 அக்டோபர் வரை கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்கள் பெறப் பதிந்துகொண்டேன். அதன்பின் லினக்ஸ், அது இலவசம், பழைய கணினியிலும் ஓடும்.

தேக்காவில் மளிகைக்கடை வைத்திருக்கும் சித்தப்பாவுக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவருடைய கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். வங்கி வேலையும் அதே கணினியில்தான். அவர் புதியது வாங்கட்டும்.