முதுகு வலிக்கு ஈசிஜி எதுக்கு?

காலைல எழுந்தா முதுகு பலகை மாதிரி விறைச்சிருக்கும். கொஞ்சம் நடந்தாத்தான் வழிக்கு வரும். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ்னு பேர் (சொல்லி முடிக்கறதுக்குள்ள அடுத்த வலி வந்துடும்!). பன்னிரண்டு வருஷமா எக்ஸ்ரே, எம்ஆர்ஐ, ஹெச்எல்ஏ பி27 ரத்தப் பரிசோதனைன்னு எல்லாம் எடுத்தாச்சு. ஒருத்தரும் ஈசிஜி எடுக்கச் சொல்லலை. நானும் கேக்கலை. முதுகுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கு சாமி. இந்த அழற்சி சிலருக்கு மகாதமனி ஆரம்பிக்கற இடத்தையும் தொடும். இதயத்தோட மேலறையிலேர்ந்து கீழறைக்கு மின்சாரம் போற பாதை அதை ஒட்டித்தான் இருக்கு. அங்க தழும்பு விழுந்தா சிக்னல் தாமதமாகும். முத்தினா நின்னே போகும். அப்புறம் பேஸ்மேக்கர்தான். ஹார்ட் பிளாக்னதும் ரத்தக்குழாய் அடைப்புன்னு நினைச்சுடாதீங்க, இது கரண்ட் கட்! முதுகு வலியே இல்லாம பி27 மட்டும் இருக்கறவங்களுக்கும் இது வரலாம்னு ஸ்வீடன் டாக்டர்கள் 1980களிலேயே எழுதிட்டாங்க.

போன வாரம் மாடிப்படில தலை சுத்திச்சு. மாத்திரை வேலைன்னு நினைச்சேன். நாடி நிமிஷத்துக்கு 46. ஈசிஜில நடுநடுவே ஒரு துடிப்பைக் காணோம்.

பெரும்பாலானவங்களுக்கு இது வராது, பயமுறுத்தலை. அதனாலயே தேவையில்லாத டெஸ்ட்னு சொல்ற டாக்டருங்களும் உண்டு. நான் ஒத்துக்க மாட்டேன். எம்ஆர்ஐக்கு ஆயிரக்கணக்குல செலவழிக்க வைக்கறவங்க, அஞ்சு நிமிஷ ஈசிஜியை நோய் தெரிஞ்ச அன்னிக்கே ஒண்ணு, தலைசுத்தல் மயக்கம்னா உடனே ஒண்ணுன்னு எடுத்தா என்ன குறைஞ்சிடும்?

இப்ப நெஞ்சுல ஹோல்ட்டர் மாட்டிக்கிட்டுத்தான் தட்டச்சறேன். நாளைக்குக் கழட்டற வரைக்கும் குளிக்கக் கூடாதாம்.