நான் வென்ற விவாதமும் வாப்பாவின் கேள்வியும்

கடந்த தவணையில் எமது கல்லூரியில் இல்லங்களுக்கிடையிலான விவாதப் போட்டி நடந்தது. "எதிர்கால வாகனங்களுக்கு மின்சாரமே சிறந்தது" என்பது தலைப்பு. நான் சார்பு அணியின் தலைவி. பெற்றோலையும் டீசலையும் மேடையில் ஓட ஓட விரட்டினோம். நடுவர்கள் எங்களுக்கே வெற்றியைத் தந்தார்கள். சான்றிதழைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வாப்பாவின் ஓட்டோவில் ஏறினேன். மண்டபத்து யன்னலோரம் நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார். பாதி வழி வரைக்கும் எதுவும் பேசவில்லை. பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அப்ப நான் இத விக்கட்டா மகள்?"

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. எங்கள் ஓட்டோ கொஞ்ச நாளாகவே நீலப் புகை கக்கிக்கொண்டிருந்தது. எஞ்சினைக் கழற்றிச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வண்டியைக் கொடுத்துவிட்டு வேறு எடுக்க வேண்டும் என்று கராஜ்காரர் சொல்லியிருந்தார். மேடையில் ஏழு நிமிடம் பேசிய எனக்கு அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் ஐந்து பேருக்கும் சோறு போடுவது அந்த வண்டி.

அந்தப் பதிலைத் தேடியதில் விளைந்ததே இக்கட்டுரை. அன்று மேடையில் பேசியவற்றில் பாதியை இப்போது நான் திருப்பி எடுக்க வேண்டியிருக்கிறது.

2022ஆம் ஆண்டை எந்த வீடும் மறந்திருக்காது. அப்போது நான் எட்டாம் தரம். ஜூன் மாதக் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீட்டர் 470 ரூபாவுக்கு ஏறியது. காசு இருந்தாலும் ஷெட்டில் பெற்றோல் இருக்கவில்லை. வாப்பா இரண்டு இரவுகள் வரிசையிலேயே, ஓட்டோவின் பின் சீற்றில் முடங்கிக் கிடந்தார். சுபஹுக்குப் பிறகு உம்மா தரும் தேத்தண்ணிப் போத்தலைக் காக்கா சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பார். பின்னர் கியூஆர் முறை வந்தது. ஆரம்பத்தில் முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீட்டர்தான். இதைத்தான் நான் விவாதத்தில் உருக்கமாகச் சொன்னேன். சபையில் சிலர் கண்ணையும் துடைத்தார்கள்.

ஆனால் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதே ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. நீர்த்தேக்கங்களில் தண்ணீர் குறைவு, அனல் மின் நிலையங்களுக்கு எண்ணெய் வாங்க டொலர் இல்லை. ஷெட்டில் வரிசையை உண்டாக்கிய அதே டொலர் பஞ்சம்தான் வீட்டிலும் விளக்கை அணைத்தது. அன்று வாப்பாவிடம் பெட்டரி ஓட்டோ இருந்திருந்தால் வரிசையில் படுத்திருக்க மாட்டார், உண்மை. ஆனால் கரண்ட் வரும் வரைக்கும் வீட்டு வாசலில் குந்தியிருந்திருப்பார். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாம், நாடே இருளில் மூழ்கியது. குரங்கின் மீது பழி போடுவது இலகு. ஓரிடத்தில் நேர்ந்த கோளாறு முழு நாட்டையும் விழுத்தும் அளவுக்கு எமது மின்வலையமைப்பு பலவீனமாக இருக்கிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

இனிக் கணக்குக்கு வருவோம். வாப்பா சாதாரண நாளில் 70 கிலோமீற்றர் அளவில் ஓடுகிறார். லீட்டருக்கு 25 கிலோமீற்றர் போனால் ஏறத்தாழ 3 லீட்டர். லீட்டர் 300 ரூபா என்று வைத்தால் நாளுக்கு 900 ரூபா. பெட்டரி ஓட்டோ ஒன்றுக்கு அதே தூரத்துக்கு, சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்து, 7 அலகு மின்சாரம் போதும். இங்கேதான் எங்கள் வீட்டுக் கட்டணச் சிட்டை குறுக்கே வருகிறது. கூடப் பாவித்தால் அலகின் விலையும் கூடும் என்பது வீட்டு மின்கட்டண முறை. மாதம் 80 அலகு பாவிக்கும் எங்கள் வீடு, ஓட்டோவையும் சேர்த்தால் 180ஐத் தாண்டி மிக உயர்ந்த படிக்குப் போய்விடும். அதனால் அலகு 60 ரூபா என்று கூட்டியே வைத்துப் பார்த்தேன். நாளுக்கு 420 ரூபா. அப்படியிருந்தும் பாதிக்குக் குறைவு. எஞ்சின் ஒயில் இல்லை, பிளக் இல்லை, கிளச் கேபிள் இல்லை.

"பெட்டரி செத்தா?" என்று வாப்பா கேட்டார். சரியான கேள்வி. அந்த வண்டியில் ஆகக் கூடிய விலையுள்ள பாகமே அதுதான். ஆண்டுகள் போகப் போக அதன் கொள்ளளவு குறையும். எமது கிழக்கு வெயில் அதை இன்னும் விரைவாக வயதாக்கும். ஈய அமில பெட்டரி போட்ட மலிவு வண்டிகள் லித்தியம் வண்டிகளைவிடச் சீக்கிரம் தேய்ந்துவிடும். விலையை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இரண்டாவது பெட்டரி வாங்கும்போதுதான் உண்மையான விலையை அறிவார்கள். நாளொன்றுக்கு மிச்சமாகும் 480 ரூபாவை அப்படியே செலவழிக்காமல், அதில் ஒரு பங்கை அடுத்த பெட்டரிக்கென்று ஒதுக்கத்தான் வேண்டும்.

இதற்கிடையில் சாச்சா ஒரு நாள் வந்தார். அவர் சம்மாந்துறை வட்டையில் நெல் செய்கிறவர். "உன்ட பெட்டரியப் போட்டு என்ட மெஷின உழவச் சொல்லு பாப்பம்" என்று சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் இரவு பௌதிகவியல் கொப்பியைத் திறந்து கணக்குப் போட்டபோது சிரிக்கும் உரிமை அவருக்கு இருப்பது விளங்கியது.

ஒரு கிலோ டீசலிலோ பெற்றோலிலோ ஏறத்தாழ 45 மெகாயூல் சக்தி அடங்கியுள்ளது. ஒரு கிலோ லித்தியம் பெட்டரியில் ஒரு மெகாயூல்கூட இல்லை. எஞ்சின் அந்தச் சக்தியில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்கிவிடும். டீசல் எஞ்சின் மூன்றில் ஒரு பங்கையாவது வேலையாக மாற்றும், பெற்றோல் எஞ்சின் அதைவிடவும் குறைவு. மின் மோட்டாரோ பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வேலையாக்கிவிடும். அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பத்து மடங்குக்கு மேல். பெரிய உழவு இயந்திரம் ஒரு நாளில் 30 லீட்டர் டீசல் குடித்தால், அந்த வேலைக்கு வேண்டிய பெட்டரி அரைத் தொன்னுக்கும் மேல் நிறுக்கும். சேற்றில் அதை யார் சுமப்பது? வட்டை நடுவில் சார்ஜ் செய்ய பிளக் எங்கே? டீசலைக் கேனில் கொண்டுபோய் ஊற்றலாம். அது பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகித் தீப்பிடிப்பதுமில்லை. மெதுவாகச் சுழன்றாலும் இழுவை குறையாது. உழவுக்கும் அறுவடைக்கும் இன்றைக்கு டீசலை விட்டால் வழியில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அதன் கரும்புகையை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. அந்தப் புகைக்குப் பின்னால் நாள் முழுதும் நிற்பவர் எனது சாச்சா.

அதே சாச்சாதான் போன போகத்தில் முதுகில் சுமந்து மருந்தடிக்க பெட்டரிக் கருவி ஒன்று வாங்கினார். கையால் பம்ப் அடிக்கும் பழையது மூலையில் கிடக்கிறது. இதை நான் நினைவூட்டியதும், "அது வேற, இது வேற" என்றார். அதைத்தான் நானும் சொல்ல வருகிறேன், சாச்சா!

சின்ன வேலை, பக்கத்தில் பிளக், இடையிடையே ஓய்வு. இந்த மூன்றும் இருக்கும் இடத்தில் பெற்றோலை இன்னும் வைத்திருப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. எமது கல்லூரி வளவையே எடுத்துக்கொள்ளுங்கள். புல் வெட்டும் மெஷின் இரண்டடிப்பு எஞ்சின். பெற்றோலோடு ஒயிலைக் கலந்து எரிக்கும். எரியாத எரிபொருளின் ஒரு பகுதி புகையோடு வெளியே போகும். முச்சக்கர வண்டிகளில் இந்த எஞ்சினின் இறக்குமதியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எமது நாடு தடை செய்துவிட்டது. ஆனால் எங்கள் வகுப்பு யன்னலுக்குக் கீழே அது இன்றும் கத்துகிறது. ஆசிரியை பாடத்தை நிறுத்துவார், நாங்கள் முந்தானையால் மூக்கைப் பொத்துவோம். வெட்டுகிற நானாவின் காதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அரை மணித்தியாலம் வெட்டி, அரை மணித்தியாலம் இளைப்பாறும் வேலை அது. இரண்டு பெட்டரிகளை மாற்றி மாற்றிப் போட்டால் முடிந்துவிடும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் பெற்றோர் இதை வாசித்தால், அடுத்த கூட்டத்தில் இதையும் ஒரு விடயமாக எடுங்கள்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று எதிரணித் தலைவி கேட்டபோது நான் மழுப்பினேன். நுரைச்சோலையில் நிலக்கரி எரிகிறது, அது உண்மை. ஆனால் 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், கூரைமேல் சூரியப் படல் வைத்திருப்போரைப் பகலில் அவற்றை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டதும் உண்மை. வெயில் மின்சாரத்தைப் பாவிக்க ஆளில்லை என்று நிறுத்தச் சொல்லும் நாட்டில், மத்தியான வேளையில் ஓட்டோக்கள் சார்ஜ் ஏற ஓர் இடம் ஊருக்கு ஊர் இருந்தால் என்ன? லுஹருக்கு வண்டியை நிறுத்தி, தொழுது, சாப்பிட்டு எழும்ப ஒன்றரை மணித்தியாலம் ஆகும்தானே.

இனி வாப்பாவின் கேள்வி. நான் அவரிடம் ஒரு பழைய கொப்பியைக் கொடுத்து, ஒரு மாதம் நாளாந்தம் ஓடிய தூரத்தை எழுதச் சொன்னேன். 26 நாட்கள் எழுதினார். 23 நாட்கள் 80 கிலோமீற்றருக்குள்தான். பிள்ளைகளின் ஸ்கூல் ஹயர், சந்தை, கல்முனை. மீதி மூன்று நாட்களும் 100ஐத் தாண்டியிருந்தன. மூன்றும் மட்டக்களப்பு ஆஸ்பத்திரி. ஒன்று, இரவு ஒரு மணிக்குப் பக்கத்து வீட்டு ராத்தாவைப் பிரசவ வலியோடு கொண்டுபோனது. அன்று நாள் முழுதும் ஓடிக் களைத்த வண்டி அது. பெட்டரி என்றால் அந்த நேரத்தில் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். வாப்பா கதவைத் திறந்து "சார்ஜ் இல்ல" என்று சொல்லியிருப்பாரா? பெற்றோல் குறைவாக இருந்தாலும் வழியில் ஷெட் இருக்கிறது.

23 நாட்களைப் பார்த்தால் வண்டியை விற்கச் சொல்லலாம். அந்த மூன்று நாட்களைப் பார்த்தால் சொல்ல முடியவில்லை. அந்தப் பாதையில் சார்ஜ் ஏற்ற ஓரிடம் வரும் வரைக்கும், வீட்டில் ஒரேயொரு வண்டி மட்டும் உள்ளவர் பெற்றோலிலேயே இருக்கலாம் என்று நான் வாப்பாவிடம் சொன்னேன். அடுத்த தெருவில் இரண்டு ஓட்டோ வைத்திருப்பவருக்கு, ஒன்றைப் பெட்டரிக்கு மாற்றும்படி சொல்வேன்.

வாப்பா எஞ்சினைச் செய்வித்தார். நீலப் புகை நின்றுவிட்டது. மாதம் முடிந்த பிறகும் கொப்பியை அவர் விடவில்லை. நேற்று இஷாவுக்குப் பிறகு பார்த்தேன், 58 என்று எழுதி, பக்கத்தில் பெற்றோல் காசையும் குறித்திருந்தார்.