வேதாகமத்துத் திராட்சரசமும் எங்கள் மதுவிலக்கும்

வேதாகமத்தில் வரும் திராட்சரசம் போதை தரக்கூடியதா என்று சபையார், குறிப்பாக வாலிபர், தொடர்ந்து கேட்கிறார்கள். எங்கள் ஐக்கியத்தின் பதில்: ஆம், அது புளித்த மதுதான். எங்கள் சபையார் மது அருந்துவதில்லை; திருவிருந்திலும் புளிக்காத சாற்றையே பயன்படுத்துகிறோம். இந்த ஒழுங்கைக் காப்பாற்ற அந்த உண்மையை மறைக்க வேண்டியதில்லை என்று உறுதியாக நம்புகிறோம்.

நோவா தன் தோட்டத்து ரசத்தைக் குடித்து வெறித்துக் கிடந்ததை ஆதியாகமம் ஒளிக்கவில்லை. கொரிந்து சபையில் கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசித்திருக்க, இன்னொருவன் வெறித்திருந்ததைப் பவுல் கண்டிக்கிறார். வெறும் சாறாக இருந்திருந்தால் அந்தக் கண்டிப்புக்கே இடமில்லை. பழைய துருத்தியில் புதுரசம் வார்த்தால் துருத்தி கிழியும் என்று இயேசு சொன்னபோது, கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. புளிக்கிற ரசம் பொங்குவதை அவர்கள் ஆண்டுதோறும் பார்த்தவர்கள்.

பருவமும் இதையே சொல்கிறது. அந்நாட்டில் திராட்சை அறுவடை கோடையின் கடைசியில், இயேசு திருவிருந்தை ஏற்படுத்திய பஸ்காவோ வசந்தத்தில். இடையில் ஏறக்குறைய ஆறு மாதம். பழத்தோலிலேயே ஈஸ்ட் இருக்கிறது; வெப்பமான ஊரில் பிழிந்த சாறு ஓரிரு நாளில் புளிக்கத் தொடங்கிவிடும். கிபியோனில் 1956 முதல் 1962 வரை அகழ்ந்த ஜேம்ஸ் பிரிட்சார்ட், பாறையில் குடைந்த 63 நிலவறைகளைக் கண்டு, அவை மது ஜாடிகளைக் குளிர்ச்சியாக வைத்த இடங்கள் என்று விளக்கினார். சாற்றைப் பாகாகக் காய்ச்சும் வழக்கமும் அக்காலத்தில் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கானா ஊர்க் கலியாணத்தில் குறைவுபட்டது பாகு அல்ல. திருவிருந்துக்கென்று சாற்றைப் புளிக்காமல் புட்டியில் அடைத்தவர் அமெரிக்க மெதடிஸ்ட் பல் மருத்துவர் தாமஸ் வெல்ச், ஆண்டு 1869. விஞ்ஞானி லூயி பாஸ்டரின் சூடாக்கும் முறை அவருக்குக் கைகொடுத்தது.

இயேசுவே மது கொடுத்தாரே என்று சொல்லிக்கொண்டு மதுக்கடைக்குப் போகிறவர்களுக்கு இந்த அறிக்கை துணை நிற்காது. அக்காலத்தில் ரசத்தைத் தண்ணீர் கலந்து குடிப்பது வழக்கம். காய்ச்சி வடித்த சாராயம் அவர்களுக்குத் தெரியாது. இன்று நம் ஊர்க் கடையில் விற்கும் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். இரண்டையும் ஒன்றாக எண்ணுவது வேதத்தைப் படிப்பதாகாது. குடியனின் சிவந்த கண்ணையும் காரணமில்லாத காயத்தையும் நீதிமொழிகள் 23-ஆம் அதிகாரம் இரக்கமின்றிக் காட்டுகிறது. நம் தெருக்களில் எத்தனை தாய்மார் அந்த அதிகாரத்தை வாசிக்காமலே அறிந்திருக்கிறார்கள்!

எங்கள் மதுவிலக்கு நிற்பது ரோமர் 14-இன்மேல்: சகோதரன் இடறுவதற்குக் காரணமானதை, அது அனுமதிக்கப்பட்டதாயினும், விட்டுவிடுவது. குடியிலிருந்து மீண்டவர்கள் எங்கள் பந்தியில் முழங்காலிடுகிறார்கள். ஒரு மிடறுகூட அவர்களைப் பழைய குழிக்குள் தள்ளக்கூடும் என்பதால் பாத்திரத்தில் சாறு ஊற்றுகிறோம். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களும் இந்தக் காரணத்தையே சொல்லிக் கொடுக்க வேண்டும். வேதத்தில் இருந்தது சாறுதான் என்று கற்ற பிள்ளை, வளர்ந்து தானே வாசிக்கும்போது நாம் சொன்ன மற்றவற்றையும் சந்தேகிக்கும்.

புளித்த ரசத்தைப் பயன்படுத்தும் திருச்சபைகளின் திருவிருந்தை நாங்கள் குறைவாக எண்ணுவதில்லை. அங்கே செல்லும் எங்கள் சபையார் மனச்சாட்சிப்படி நடக்கலாம். பாத்திரத்தைத் தவிர்த்து அப்பத்தை மட்டும் பெற்றாலும் அவர்கள் முழுமையாகவே பந்தியில் பங்குபெற்றவர்கள்.