தோல்விக்கு முகவரி எது? ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களின் தீராத வழக்கு

2021 ஜூலை 21 அன்று கொல்கத்தா மைதானில் உள்ள ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் வாசலில் அதன் ரசிகர்களே இரு தரப்பாகப் பிரிந்து மோதிக்கொண்டனர். காவல்துறை தடியடி நடத்திக் கூட்டத்தைக் கலைத்தது. முதலீட்டாளரான ஸ்ரீ சிமெண்ட் நிறுவனத்துடனான இறுதி ஒப்பந்தத்தில் கிளப் நிர்வாகிகள் உடனே கையெழுத்திட வேண்டும் என்றது ஒரு தரப்பு. கையெழுத்திட்டால் கிளப்பின் உரிமைகள் கைவிட்டுப் போகும் என்ற நிர்வாகிகளின் வாதத்தை ஏற்றுக்கொண்டது மறுதரப்பு. அணியின் வீழ்ச்சிக்குப் பொறுப்பு பணம் போடுபவருடையதா, கிளப்பை நடத்துபவருடையதா என்ற அன்றைய வழக்கில் இன்றுவரை தீர்ப்பு வரவில்லை. கேள்வி வைக்கப்பட்ட விதமே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும்.

1920 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கப்பட்ட கிளப் இது. தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து கொல்கத்தாவின் புறநகர்களில் குடியேறிய மக்களுக்கு, இழந்த ஊரின் பெயர் எஞ்சியிருந்த இடங்களுள் ஒன்றாக இந்த அணி அமைந்தது. 1975 ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டியின் இறுதியாட்டத்தில் மோகன் பாகனை 5-0 என்று வென்றதும், 2003இல் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பையைக் கைப்பற்றியதும் குடும்பக் கதைகளைப் போலத் தலைமுறைகளுக்குக் கைமாறி வந்துள்ளன. இந்தப் பின்புலத்தோடு இந்தியன் சூப்பர் லீகின் புள்ளிப்பட்டியலைப் பார்த்தால்தான் ரசிகரின் ஆற்றாமை விளங்கும். 2020 முதல் 2025 வரையிலான ஐந்து பருவங்களில் ஈஸ்ட் பெங்கால் பெற்ற இடங்கள் முறையே 9, 11, 9, 9, 9. 2021-22இல் இருபது ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி; பட்டியலில் கடைசி இடம்.

பொறுப்பு முதலீட்டாளருடையதே என்போரின் வாதம் வலுவற்றதன்று. 2018இல் பெங்களூருவைச் சேர்ந்த குவெஸ் நிறுவனம் 70 விழுக்காடு பங்குடன் வந்தது. இரண்டே ஆண்டுகளில் விலகியது. 2020 செப்டம்பரில் 76 விழுக்காடு பங்குடன் வந்த ஸ்ரீ சிமெண்டும் இரண்டு பருவங்களுக்குமேல் நீடிக்கவில்லை. வந்து போகிறவர்களால் ஓர் அணியின் ஐந்தாண்டுத் திட்டத்தை எப்படி வகுக்க முடியும் என்று இத்தரப்பினர் கேட்கின்றனர். நிர்வாகிகளைக் குற்றம் சாட்டுவோரிடமும் நியாயம் இருக்கிறது. முதலீட்டாளர் மாறிக்கொண்டேயிருக்க, கிளப்பின் செயற்குழு மட்டும் பெரிதும் மாறாமல் இருப்பானேன் என்பது இவர்களின் கேள்வி. பெரும்பான்மைப் பங்கை விற்ற பின்னும் அதிகாரத்தை விட மனமில்லாதவர்களோடு எந்த நிறுவனம்தான் நீடிக்கும் என்றும் கேட்கின்றனர்.

இரு தரப்பும் சொல்வது ஓரளவு உண்மை என்பதை நாட்காட்டியே காட்டும். 2020இல் முதலீட்டாளர் அறிவிக்கப்பட்டது செப்டம்பர் 2 அன்று. லீக் தொடங்கியது நவம்பரில். 2021இல் இறுதி ஒப்பந்தச் சிக்கல் முதலமைச்சர் மம்தா பானர்ஜியின் தலையீட்டால் தற்காலிகமாக ஓய்ந்தபோது ஆகஸ்ட் கடைசி வாரம் ஆகிவிட்டது. 2022இல் எமாமி குழுமத்துடன் ஒப்பந்தம் ஆனது ஆகஸ்ட் 2 அன்று. அடுத்த இரு வாரங்களில் டூரண்ட் கோப்பைப் போட்டிகள் தொடங்கின. இப்படி மூன்று பருவங்களிலும், மற்ற அணிகள் நல்ல வீரர்களை ஒப்பந்தம் செய்து முடித்த பிறகே ஈஸ்ட் பெங்கால் சந்தைக்குப் போனது. களத்தில் தெரிந்த பலவீனத்தின் பெரும்பகுதி ஒப்பந்த மேசையில் விளைந்தது. ஆனால் தோல்விக்கு விலை கொடுத்தவர் ஒவ்வொரு முறையும் பயிற்சியாளர்தான். ராபி ஃபவுலரில் தொடங்கி அடுத்தடுத்து வந்தவர்கள் அனைவரும் இருபுறமும் அடி வாங்கும் மத்தளமாகவே இருந்தனர்.

தாமதம் ஒன்றையே காரணமாக்கிவிடவும் முடியாது. முதலீட்டாளர் நிலைபெற்ற பின், கார்லஸ் குவாத்ராத்தின் பயிற்சியில் அணி 2023 டூரண்ட் கோப்பையின் இறுதியாட்டம்வரை சென்றது. 2024 ஜனவரியில் புவனேஸ்வரில் ஒடிசாவை 3-2 என்று வென்று சூப்பர் கோப்பையைப் பெற்றது. தேசிய அளவில் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த கோப்பை அது. ஆயினும் அடுத்த லீக் பருவம் தொடர்ந்து ஆறு தோல்விகளுடன் தொடங்கியது. மூன்றாவது தோல்வியோடு குவாத்ராத் விலகினார். வீரர்களைத் தேர்ந்தவர் யார், செலவின் எல்லையை வகுத்தவர் யார், பயிற்சியாளரின் சொல் எவ்வளவு தூரம் செல்லுபடியாயிற்று ஆகிய கேள்விகளுக்கு அப்போது விடை தேவைப்பட்டது. கிளப் முதலீட்டாளரைக் காட்டவும் முதலீட்டாளர் கிளப்பைக் காட்டவும் இடம் தரும் இரட்டை அமைப்பில் அந்த விடை எங்கும் தங்குவதில்லை.

இந்த அமைப்பைத் தாங்கும் வேறு சில தூண்களும் உண்டு. கிளப்பின் கூடாரமும் திடலும் இருப்பது இராணுவத்திற்கு உரிமையான மைதான் நிலத்தில். பெரிய ஆட்டங்கள் நடக்கும் சால்ட் லேக் அரங்கு மாநில அரசினுடையது. ஆக, கிளப்பிடம் விற்கவோ அடகு வைக்கவோ எஞ்சியிருப்பது பெயரும், அந்தப் பெயருக்காகக் கூடும் கூட்டமும் மட்டுமே. முதலீட்டாளர் விலைக்கு வாங்குவதும் அந்தக் கூட்டத்தைத்தான். மேலும், இந்த ஐந்து பருவங்களிலும் இந்தியன் சூப்பர் லீகிலிருந்து எந்த அணியும் கீழ்நிலை லீகுக்கு இறக்கப்படவில்லை. அமெரிக்க பேஸ்பால் லீகைப் போல மூடிய கதவுகள் கொண்ட அமைப்பில், கடைசி இடம் ரசிகருக்கு அவமானம். உரிமையாளருக்கு அது மற்றுமொரு பருவம்.

தோற்பதால் எழும் எரிச்சல்தான் இது என்று ஒதுக்குவோருக்கு மோகன் பாகனின் அனுபவம் பதிலாகும். 2020இல் ஆர்.பி.-சஞ்சீவ் கோயங்கா குழுமம் அந்த அணியின் 80 விழுக்காட்டு உரிமையைப் பெற்று, தன்னிடமிருந்த ஏ.டி.கே. அணியோடு இணைத்தது. அணி வென்றுகொண்டிருந்தபோதே, பெயரின் முன்னால் ஒட்டியிருந்த அந்த மூன்று எழுத்துகளை நீக்கக் கோரி ரசிகர்கள் போராடினர். 2023இல் லீக் கோப்பையை வென்ற இரவில்தான் பெயர் மாற்றத்தை உரிமையாளர் அறிவித்தார். வெற்றி பெற்ற அணியின் ரசிகரும் தோற்ற அணியின் ரசிகரும் ஒரே கேள்வியைத்தான் எழுப்பியிருக்கின்றனர்: முடிவெடுக்கும் அறையில் எங்களுக்கு என்ன இடம்?

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூல் இங்கே துணைசெய்யும். ஒரு நிறுவனம் நலியும்போது அதைச் சார்ந்தவருக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார் அவர்: விலகிப் போவது, குரல் எழுப்புவது. எதைத் தேர்வது என்பதைப் பற்று பெரிதும் தீர்மானிக்கிறது. கொல்கத்தாவில் இந்தச் சமன்பாடு கோணலாகிக் கிடக்கிறது. விலகும் உரிமை முதலீட்டாளரிடம் இருக்கிறது. அதை இருவர் பயன்படுத்தியும் விட்டனர். தாத்தாவின் ஊர்ப்பெயரைத் தாங்கிய அணியை விட்டுவிட்டு ரசிகர் எங்கே போவார்? விலக முடிந்தவரிடம் முடிவும், விலக முடியாதவரிடம் வெறும் பற்றும் தங்கிவிட்டன. கிளப் தேர்தலில் வாக்களிப்பவர் உறுப்பினர் மட்டுமே. அரங்கை நிரப்புவோரில் மிகப் பெரும்பாலோர் உறுப்பினர் அல்லர்.

அந்தப் பற்று எளிய பொருளன்று என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2018-19 ஐ-லீகில் ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திக் கோப்பையை வென்றது, கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி அணி. இரண்டு பருவங்கள் கழித்து அந்த அணி ஐ-லீகிலேயே இல்லை. முதலீட்டாளர் இருமுறை கைவிட்ட ஈஸ்ட் பெங்காலோ இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. கேட்டு நிற்க லட்சக்கணக்கானோர் இருந்ததால்தான் ஓர் முதலமைச்சரே தரகராக வந்து நின்றார். கிளப்பை உண்மையில் காப்பாற்றிய மூலதனம் ரசிகர்கள் போட்டது. அந்த மூலதனத்துக்கு மட்டும் பங்குப் பத்திரம் இல்லை.

உரிமையற்ற குரலின் எல்லையை ஓக்லாண்ட் நகரம் காட்டிவிட்டது. 2023 ஜூன் 13 அன்று அங்குள்ள பேஸ்பால் ரசிகர்கள் 27,000க்கும் மேற்பட்டோர் அரங்கை நிறைத்து, அணியை விற்றுவிடுமாறு உரிமையாளரை நோக்கி முழங்கினர். அடுத்த ஆண்டுப் பருவம் முடிந்ததும் அணி நகரைவிட்டே போய்விட்டது. ஜெர்மனியில் வாக்குரிமையின் பெரும்பான்மை, சில விலக்குகள் தவிர, உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் மட்டும் வெற்றி வந்துவிடாது. உறுப்பினர்களுக்கே உரிய ஷால்க 04 அணி 2021இலும் 2023இலும் முதல் நிலை லீகிலிருந்து இறங்கியது. ஆனால் அங்கே தோல்விக்கு ஒரு முகவரி உண்டு. பொதுக்குழுவில் எழுந்து கேட்கவும் வாக்கால் நிர்வாகத்தை மாற்றவும் வழியுண்டு.

கொல்கத்தாவில் ஜெர்மானிய விதியை அப்படியே நடுவது இயலாது. பெருமுதலீடு இல்லாமல் இந்தியக் கால்பந்து இன்று ஒரு பருவமும் நகராது. எனினும் மூன்று கோரிக்கைகள் நடைமுறைக்கு உட்பட்டவை. பயிற்சியாளர், வீரர் தேர்வு, வரவு செலவு ஆகிய ஒவ்வொன்றிலும் இறுதிச் சொல் யாருடையது என்பதை முதலீட்டாளரும் கிளப்பும் பருவம் தொடங்கும் முன் எழுத்தில் வெளியிட வேண்டும். அணியை நடத்தும் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் ரசிகர்கள் தேர்ந்தெடுத்த ஒருவர், வாக்கில்லாவிட்டாலும், அமர்ந்து கேட்க இடம் வேண்டும். விலக விரும்பும் முதலீட்டாளர் முன்னறிவிப்புத் தருவதும் ஊதியப் பாக்கிகளைத் தீர்ப்பதும் அணியின் லீக் உரிமத்தோடு பிணைக்கப்பட வேண்டும். 2024-25இல் கடைசி இடத்தில் முடிந்து, ஊதியம் வராத வீரர்களின் முறையீடுகளோடு பருவத்தைக் கழித்த முகமதன் ஸ்போர்ட்டிங்கிற்கும் இந்த மூன்றாவது கோரிக்கை பொருந்தும்.

முதலீட்டாளரா நிர்வாகியா என்று ரசிகர்கள் தமக்குள் பிரிந்து நிற்கும்வரை இரு தரப்பு அலுவலகங்களுக்கும் வேலை எளிது. அடுத்த ஒப்பந்தத்தின் வாசகங்களை இருவரிடமும் சேர்ந்து கேட்கும் நாளில்தான் வழக்கு விசாரணைக்கே வரும்.