மாத்திரை யாருக்குச் சொந்தம்?

ஒரு மாதத்துக்கு மாத்திரைச் செலவு அப்போது சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாயாக இருந்தது!

அதே மருந்தை வேறு கம்பெனி செய்து விற்றபோது, 10 ஆயிரம் ரூபாய்க்குள் இருந்தது!

மருந்து ஒன்று. விலை இரண்டு. இது எப்படி?

மருந்தின் பெயர் "கிளிவெக்". ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு உரியது. முன்பெல்லாம் அந்த நோய் வந்தால், சில ஆண்டுகளில் முடிவு. இந்த மாத்திரை வந்த பிறகு நோயாளிகள் வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். ஆனால், தினமும் சாப்பிடவேண்டும்.

இதைச் செய்தது சுவிட்சர்லாந்து நாட்டு "நோவார்ட்டிஸ்" கம்பெனி.

காப்புரிமை என்றால் என்ன?

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு அரசாங்கம் ஓர் உரிமை தருகிறது. 20 ஆண்டுகளுக்கு அவரைக் கேட்காமல் அதை யாரும் செய்யக்கூடாது, விற்கவும் கூடாது. இதுவே காப்புரிமை. ஆராய்ச்சிக்குக் கோடி கோடியாகக் கொட்டியவர், போட்ட பணத்தை எடுக்க வேண்டாமா? நியாயமான கேள்விதான்.

இந்தியாவில் 1970-ம் ஆண்டுச் சட்டம், மருந்தைச் செய்யும் முறைக்கு மட்டுமே உரிமை தந்தது. மருந்துக்கு அல்ல. உலக வர்த்தக ஒப்பந்தப்படி, 2005-ல் மருந்துக்கும் உரிமை வந்தது.

வரும்போதே பார்லிமெண்டு ஒரு பூட்டும் போட்டது. அதுதான் 3(டி) பிரிவு. தெரிந்த மருந்தின் உருவத்தை மாற்றிவிட்டு, "இது புதியது" என்று சொன்னால் செல்லாது. பலன் கூடியிருக்க வேண்டும். பழைய ஆளுக்குப் புதுச்சட்டை போட்டால், புது ஆள் ஆகிவிடுவாரா?

சென்னையில் தொடங்கியது

நோவார்ட்டிஸ் உரிமை கேட்டது, ஏற்கனவே தெரிந்த மருந்தின் புதிய படிக உருவத்துக்கு! சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மனுவைத் தள்ளியது. "3(டி) பிரிவே செல்லாது" என்று கம்பெனி சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. 2007-ல் அங்கும் தோல்வி.

கடைசியில் சுப்ரீம் கோர்ட்டு.

"புது உருவம் உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேருகிறது" என்றது கம்பெனி. உடலில் கூடுதலாகச் சேர்ந்தால், நோயும் கூடுதலாகக் குணமாகிறதா? அதற்குச் சாட்சியம் இல்லை. 2013 ஏப்ரல் 1-ந் தேதி மனு தள்ளுபடி ஆயிற்று. மலிவு மாத்திரை தொடர்ந்து விற்றது.

கம்பெனி பல ஆயிரம் நோயாளிகளுக்கு இலவசமாகவும் மாத்திரை கொடுத்தது. அது உண்மை. ஆனால், இலவசம் என்பது கொடுப்பவர் மனம் இருக்கும்வரைதான்.

எதிர்த்தவர்கள் எல்லாம் உத்தமர்களா?

மனுவை எதிர்த்தவர்களில் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் இருந்தது. இந்திய மருந்துக் கம்பெனிகளும் இருந்தன. அவற்றில் ஒன்று "ரான்பாக்சி".

தீர்ப்பு வந்த அடுத்த மாதமே, அதன் அமெரிக்கக் கிளைக் கம்பெனி அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டது. முறைப்படி தயாரிக்காத மருந்துகளை விற்றது. அதிகாரிகளிடம் பொய்த் தகவல் கொடுத்தது. இதற்காகக் கட்டச் சம்மதித்த தொகை, 50 கோடி டாலர்!

குட்டை உடைத்தவர், ரான்பாக்சியிலேயே வேலை பார்த்த முன்னாள் அதிகாரி. அந்தப் பணத்தில் 4 கோடியே 80 லட்சம் டாலருக்கு மேல் அவருக்குக் கிடைத்தது.