மலடும் மருந்தும்

‘மலடி’ என்னும் சொல்லுக்கு நம் மொழியில் ஆண்பாலும் உண்டு. ‘மலடன்’ என அகராதி அதனைக் குறித்து வைத்திருக்கிறது. ஆயினும், நோர்வூட்டிலும் பொகவந்தலாவையிலும் லயங்களினூடே நடந்து செல்வார் காதில் விழுவது முன்னைய சொல்லேயாம். பின்னையது அகராதியை விட்டு வெளிவருதல் அரிது. மணமாகி ஓராண்டு கழிந்தும் கரு தரிக்கவில்லையெனில், விரதம் இருப்பவள் மனைவி. நாட்டு மருந்து அரைத்துக் குடிப்பவள் மனைவி. மாமியாரின் குத்துமொழி கேட்பவளும் அவளே. கணவனை நோக்கி ஒருவரும் ஒரு வினாவும் எழுப்புவதில்லை.

தமிழ் கற்பிக்கும் ஆசிரியனுக்கு இப்பொருள் எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். ஒரு சொல் நீதி தவறி வழங்குமாயின், அதனைச் சுட்டிக்காட்டுவதும் தமிழாசிரியன் கடமையே அன்றோ?

இவ்வழக்குப் பழையது. மூன்று தேவியரை மணந்தும் மைந்தரின்றி வருந்திய தயரதன் வரலாற்றைக் கம்பன் வாயிலாகக் கற்றிருக்கிறோம். மூவர்க்கும் மகவில்லையெனில் ஐயம் யார்பால் எழவேண்டும்? எனினும், வேள்வியில் தோன்றிய அமுதப் பிண்டத்தை உண்டவர்கள் தேவியரே. காவியத்தைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. மருந்துண்ண வேண்டியவள் மனைவியே என்னும் எண்ணம் நம்முள் எத்துணை ஆழ வேரூன்றியுள்ளது என்பதைக் காட்டவே சொல்கிறேன்.

மருத்துவ நூல் கூறுவது வேறு. வளர்ந்தோருள் ஏறத்தாழ அறுவரில் ஒருவர் தம் வாழ்நாளில் இக்குறையை எதிர்கொள்வதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2023இல் அறிவித்தது. மகவில்லாத் தம்பதியருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடத்தே ஆணின் குறை, தனித்தோ பெண்ணின் குறையோடு சேர்ந்தோ, காணப்படுகிறது.

மலைநாட்டார் இதில் தனிக்கவனம் செலுத்தவேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. தோட்டத்து வழக்கில் ‘மருந்து’ என்பதற்கு இரு பொருள். பிணியாளன் உண்பதும் மருந்து, களைக்கும் பூச்சிக்கும் தெளிப்பதும் மருந்து. கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்கள் தொழில். முதுகிலே பம்பைச் சுமந்து மருந்தடிப்பது பெரும்பாலும் ஆண்கள் தொழில்.

மண்ணிலுள்ள நூற்புழுக்களைக் கொல்ல 1950களில் டி.பி.சி.பி. என்னும் நஞ்சு விற்பனைக்கு வந்தது. அது விலங்குகளின் விரைகளைச் சுருங்கச் செய்வதாக 1961இலேயே ஆய்வுரை வெளிவந்தது. எனினும் விற்பனை நிற்கவில்லை. 1977இல் கலிபோர்னியாவின் லேத்ரொப் ஊரில், அந்நஞ்சைத் தயாரித்த ஆலைத் தொழிலாளர் தமக்குள் உரையாடுகையில், தம்மிற் பலருக்குப் பிள்ளை பிறவாமை கண்டு ஐயுற்றனர். சோதித்தபோது பலரிடம் விந்தணு மிகக் குறைந்திருந்தது. சிலரிடம் அறவே இல்லை. ஹவாய்த் தீவின் அன்னாசித் தோட்டங்கள் நீங்கலாக, 1979இல் அமெரிக்கா அதனைத் தடைசெய்தது. அதற்குள் கொஸ்டாரிக்காவின் வாழைத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான ஆண்கள் அதனால் பாதிப்புற்றிருந்தனர். அவர்களும் நம்மவரைப் போன்ற தோட்டத் தொழிலாளரே.

அந்நஞ்சு நம் தேயிலைக்கு இடப்பட்டதென நான் கூறவில்லை. நாம் கொள்ளவேண்டிய பாடம் வேறு. அவ்வாலைத் தொழிலாளர் நாணி வாய்மூடி, தத்தம் மனைவியரைப் பழித்துக்கொண்டிருந்தால், உண்மை வெளிப்பட இன்னும் எத்தனை ஆண்டு சென்றிருக்குமோ! மருந்தடிப்போர்க்குக் கையுறையும் முகமூடியும் கேட்பது கூலி கேட்பதைப்போன்றே உரிமையாகும்.

உண்ணும் மருந்திலும் விழிப்பு வேண்டும். உடல் வலிமைக்கென்று சில இளைஞர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கின்றனர். அது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் ஏவலை அடக்கி, விந்தணு உற்பத்தியையே குன்றச்செய்யும். குடலழற்சிக்குத் தரப்படும் சல்பசலசினும் விந்தணுவைக் குறைக்கும். நிறுத்தினால் நிலை பெரும்பாலும் மீளும். ஆயினும் வைத்தியரைக் கேளாது எம்மருந்தையும் நிறுத்தலாகாது. விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆவதால், ஒரே சோதனையைக் கொண்டு முடிவு கட்டுதலும் தவறு.

திருவள்ளுவர் ‘பேராண்மை’ என்னும் சொல்லைப் படைச்செருக்கில் வீரத்திற்கும், பிறனில் விழையாமையில் ஒழுக்கத்திற்கும் ஆண்டார். ஆண்மையை விந்தணுவின் எண்ணிக்கையோடு பிணைத்தவர் அவரல்லர். சுவரொட்டியில் லேகியம் விற்பவரே.

2017 மே மாதத்தில் இந்திய உதவியுடன் டிக்கோயாவில் 150 படுக்கை வைத்தியசாலை திறக்கப்பட்டது. அன்று இந்தியப் பிரதமரின் உரை கேட்க நோர்வூட் மைதானத்தில் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். அத்தகைய வைத்தியசாலையின் வாயிலுக்கு மனைவியை மட்டும் அனுப்பாது, கணவனும் உடன் செல்லட்டும். முதற் சோதனை அவனுக்கே நடக்கட்டும். அஃது எளிது, உடலைக் கீறுவதும் இல்லை. ஆசிரியப் பெருமக்கள் உயர்வகுப்பு மாணவர்க்கு இதனை நாணமின்றி எடுத்துரைத்தல் வேண்டும். ‘மலடி’ என்னும் வசைச்சொல் நம் லயங்களில் வழக்கொழிய அதுவே வழி.